வார்

மூன்றாவது பாட்டின் நடுவில்
வார் கழன்றது.

உப்புவெளி மண்டபம். கலியாண இரவு.
மாப்பிள்ளை வீட்டார் பாதிச் சோற்றில்.
முதலில் தோளில் ஒரு வெறுமை.
சுமை இறங்கினால் சுகம் என்பார்கள்,
பொய்.
கிற்றாரின் அடிப்பக்கம் சரிய,
முழங்காலை உயர்த்தித் தாங்கினேன்.
மிச்சப் பாட்டு முழுவதும்
ஒற்றைக் காலில்,
நிலாவெளி உப்பளத்துக் கொக்குப் போல.
வீடியோக்காரன் அதைத்தான்
கூடுதலாக எடுத்தான்.

விடியப் பார்த்தால்
வாரில் பெரிய பிழையில்லை.
தோலின் ஓட்டை கொஞ்சம் வாய் பிளந்திருந்தது,
அவ்வளவுதான்.
குமிழில்தான் சங்கதி.
அதைப் பிடித்த ஆணி
மரத்துக்குள் சும்மா சுற்றுகிறது.
விரலால் திருகினால் வருகிறது, போகிறது,
வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி.

"பூட்டு வைச்ச குமிழ் இருக்கு, கொழும்பில,
சோடி ஆறாயிரம்" என்றான்
ட்ரம்ஸ் அடிக்கும் ருக்மாங்கதன்.
கலியாணத்தில் எனக்குக் கிடைத்தது நாலாயிரம்.
அதிலும் ஓட்டோ முந்நூறு.

கிற்றாரை எனக்கு விற்ற
பாலையூற்று டெஸ்மன் பார்த்தலட்டிடம் கேட்டேன்.
அவர் வாசித்த காலத்தில்
குமிழோடு வாரைச் சேர்த்துத்
தங்கூசியால் பதினொரு சுற்றுச் சுற்றியிருந்தாராம்.
"அறாது பிள்ளை. ஆனா கழற்றவும் ஏலாது.
வாரோட பெட்டிக்குள்ள வைக்க,
மூடி ஒருநாளும் பூட்டுப்பட்டதில்ல."

நான் வேலை செய்வது
என்ஜின் சாமான் கடையில்.
மூதூர், கிண்ணியா, சல்லி என்று
வருகிற படகுக்காரர் எல்லாருக்கும்
ஒரே முறைப்பாடு: கசியுது.
எண்ணெய்க் குழாய் வாசர்கள்
கம்பியில் கோர்த்துத் தொங்கும், கறுப்பாக, நூறு நூறாக.
ஒன்றைக் கழற்றிச் சுண்டுவிரலில் போட்டு
இழுத்துப் பார்த்தேன்.
இழுபட்டது. திரும்பி வந்து இறுக்கிப் பிடித்தது.
நிரோஜினி, வாசர் இரண்டு, முப்பது ரூபாய்
என்று எனக்கே பில் எழுதினேன்.
முதலாளி வாசித்துவிட்டு
"படகு வாங்கிட்டியா?" என்றார்.

ஆனால் ஓட்டையை அடைக்காமல்
வாசர் என்ன செய்யும்?
விளக்குமாற்றில் மூன்று ஈர்க்கு முறித்து,
பலகைப் பசையில் தோய்த்து,
உள்ளே தள்ளி, விளிம்போடு நறுக்கி,
ஓர் இரவு விட்டேன்.
பொறுக்க முடியாமல்
இடையில் இரண்டு தரம் எழும்பிப் பார்த்தேன்.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதிக்கொண்டிருந்தது.

காலையில் ஆணிக்குச் சவர்க்காரம் பூசித் திருகினேன்.
கடைசி அரைச் சுற்றில்
மரம் மெல்ல முனகியது.
அந்தச் சத்தம் கேட்டால் போதும், நிறுத்திவிட வேண்டும்.
பிறகு வார்,
அதன்மேல் வாசர்,
நகம் மடியும்வரை இழுத்துக் குமிழின் தலை தாண்ட,
பிளக் என்று உட்கார்ந்தது.
மண்ணெண்ணெய் மணத்தது.

மெத்தைமேல் ஏறி நின்று
இரண்டு கையையும் விட்டேன்.
குதித்தேன்.
ஆடியது. விழவில்லை.
இன்னொரு தரம் குதித்தேன்,
கீழ் வீட்டார் தட்டும்வரை.

அது போன வருஷம்.
இன்றுவரை கழரவில்லை.
என்றாலும் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்
நெற்றி மயிரை ஒதுக்கிய கை
தானாகவே இறங்கி வரும்:
நெஞ்சருகே மேற்குமிழ்,
பிறகு இடத்தோள்,
பிறகு வல இடுப்பு.

கோணேசபுரிக் கலியாணத்தில்
பொம்பிளையின் மாமி கேட்டாவாம்,
"அந்தக் கிற்றார்ப் பிள்ளை வேதக்காரியோ?"

கோயில் பெருநாளில் வாசிக்கப் போனபோது
பங்குச் சுவாமி
என்னைத் தனியே கூப்பிட்டார்.
"நல்ல பழக்கம், பிள்ளை.
கடைசி இடம் மட்டும்
கொஞ்சம் மேல, தோளில தொட வேணும்."

"ஓம் சுவாமி" என்றேன்.
ருக்மாங்கதன் குச்சியால் நாலு தட்டினான்.
மூன்றாவது தட்டுக்குள்
இடுப்பைத் தொட்டுவிட்டேன்.