காளீஸ்வரி, புதுவயல்

ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை
பதினேழாம் மாசம் தள்ளி எடுத்தேன்.
கைக்கு வந்தது எண்பத்தெட்டாயிரம்.
"நகையா, போர்வெல்லா?" என்றார் சீட்டுக்காரர்.
கம்ப்யூட்டர் என்றேன். கேம் ஆடுற கம்ப்யூட்டர்.
"பையனுக்கா?"
எனக்குப் பையன் இல்லை.
கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

காரைக்குடி லாரி ஆபீசில்
பம்ப்செட்டுக்கும் பாத்திரச் சிப்பத்துக்கும் நடுவில்
என் பெயரும் ஊரும் எழுதிய பெட்டி.
மேலே பார்க்க வேண்டிய அம்பு
தரையைப் பார்த்துக் கிடந்தது.
"பார்ட் பார்ட்டா வாங்கி நாமளே மாட்டினா மலிவு"
என்று தேவகோட்டை பிரிட்டோ எத்தனையோ தடவை சொன்னான்.
எனக்கு மாட்டி வந்தது போதும்.
ஸ்க்ரூ முடுக்குகிற நேரத்தையும் சேர்த்து
ஆடிவிடுவேன்.

அடைக்கலத்தின் குட்டியானையில்
பதினாறு கிலோவை மடியிலேயே வைத்து வந்தேன்.
மில் எடைமேடையில் அது ஒரு எடையே இல்லை.
நனைந்த மூட்டைக்கு என்று
அதைவிட அதிகமாய்த் தினமும் கழித்து எழுதுகிறேன்.
கோவிலூர் தாண்டுவதற்குள் கால் மரத்துவிட்டது.

ஸ்விட்சைப் போட்டதும்
சீரியல் செட் போட்ட கல்யாண வீடாய்
கண்ணாடிக்குள் பச்சை, ஊதா, சிவப்பு.
ஆசையாய்த் தொட்டேன்.
சுர்ரென்றது.

சேவுகன் வந்து டெஸ்டரை வைத்தான்.
"மூணாவது ஓட்டை சும்மா இருக்கு அக்கா.
பின்னாடி கம்பியே இல்ல."
பதினோரு வருஷம் வாடகை கொடுத்த சுவர்.

கொல்லையில் இரண்டடிக்குக் கீழே செம்பாறை.
கடப்பாரை தெறித்துத் தெறித்து
ஒரு பகல் முழுக்கப் போனது.
இஸ்திரிக் கடையில் கரி,
செட்டியார் கடையில் நாலு படி கல்லுப்பு,
கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு,
நடுவில் குழாய்.
"வெயில் காலத்துல தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும்.
காஞ்சா மறுபடி கடிக்கும்" என்றான்.
குடம் தூக்கிப் போகும்போதெல்லாம்
எதிர்வீட்டு மும்தாஜ் கேட்கிறாள்,
என்ன செடி வச்சிருக்கே, இன்னும் தலைகாட்டலயே.

அதற்குப் பிறகும் ஆட்டம் ஓடவில்லை.
லாரி ஓட்டுகிற ஆட்டம்.
ஸ்டீயரிங்கைத் திருப்பினால்
மூச்சு வாங்கி, யோசித்து, அப்புறம் திரும்பியது.
எண்பத்தெட்டாயிரம் போச்சு என்று
ஒரு ராத்திரி தூங்கவில்லை.
மறுநாள் வீடியோ காலில் பிரிட்டோ,
"பின்பக்கம் காட்டு. இன்னும் கிட்ட.
ஏ லூசு, மானிட்டர் வயரை மேலே சொருகி வச்சிருக்கே.
கார்டு கீழே இருக்கு."
நாலு நாளாய்க் கார்டு
சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது.
வயரை மாற்றினேன்.

சாலை வந்தது.
பனி, பைன் மரம், ஈரத் தாரில் விளக்கு வெளிச்சம்.
திருச்சிக்கு அந்தப் பக்கம் போகாதவள்
பதினெட்டுச் சக்கரத்தை
மலை வளைவில் இறக்கினேன்.
ஒன்பது மணிக்கு மில்லில் மோட்டார் எடுக்க
வோல்டேஜ் படுத்து யூ.பி.எஸ். கத்தியது.
நிறுத்தவில்லை.

பொழுது விடிகிற நேரம், ஆட்டத்துக்குள்,
ஏதோ ஒரு ஊர் எல்லையில்
எடைமேடை ஒன்று வந்தது.
ஏற்றி நிறுத்தினேன்.
அறையில் விளக்கு எரிந்தது, நாற்காலி இருந்தது,
ஆள் இல்லை.
ஹார்ன் அடித்தேன்.
இன்னொரு தடவை அடித்தேன்.
எண் தானாய் வந்தது, கதவு தானாய்த் திறந்தது.
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

தூக்கம் இல்லாத கண்ணோடு
எட்டு மணிக்கு மில்லில் சீட்டு எழுதினேன்.
விசிறியின் வலையில் நேற்றே உமித்தூசி ஏறியிருந்தது,
பெயிண்ட் பிரஷ் ஒன்று வாங்க வேண்டும்.
வெளியே நெல் லாரி ஏறி நின்றது.
ஹார்ன்.
வழக்கமாய் நம்பர் பிளேட்டைத்தான் பார்ப்பேன்.
தலையைத் தூக்கி
ஜன்னல் வழியே
டிரைவர் முகத்தைப் பார்த்தேன்.
அவர் திடுக்கிட்டு
ஹார்னிலிருந்து கையை எடுத்தார்.