எண்பத்திரண்டு பவுண்டு

சங்கத்தின் முதல் குறிப்பேடு
உண்மையில் ஓர் இறைச்சிக்கடைக் கணக்குப் புத்தகம்.
முதல் ஆறு பக்கம் ஆட்டுத்தொடை, ஈரல், கடன்பாக்கி.
ஏழாவதில் எழுத்து மாறுகிறது:
"ஐம்பத்து நான்கு, மார்ச். வந்தவர் பதினான்கு பேர்.
பந்து ஒன்று."

மெல்போர்னின் மேற்கே
டயர் ஆலைக் கரி, துவைத்த துணியில் வந்து உட்காரும் தெருக்கள்.
மால்டாவில் கப்பலேறியவர்கள்
இங்கே இரவு ஷிஃப்டில் இறங்கினார்கள்.
ஷிஃப்ட் முடிந்து நேரே ஆட வந்த விஸ்டின் ஷுவெரெப்
கோல்கம்பத்தில் சாய்ந்தபடி தூங்கிவிட்டார்.
அன்றைக்குப் பதினொரு கோல் வாங்கினோம்.
குறிப்பேடு பெருந்தன்மையோடு சொல்கிறது:
"காற்று எதிர்த்திசை."

மைதானம் என்றால் மைதானம் இல்லை,
மூடிய கல்குவாரி.
நகரசபை குப்பை கொட்டித் தூர்த்த இடம்.
மழை பெய்தால் உடைந்த பீங்கான் மேலே வரும்.
ஆட்டத்துக்கு முன் இரண்டு அணியும்
வரிசையாகக் குனிந்து பொறுக்க வேண்டும்.
எந்த அணியோடும் அடிதடி இல்லாமல் நாங்கள் செய்த
ஒரே காரியம் அதுதான் என்பார் அப்பா.

வெள்ளையும் சிவப்புமாகத் தைத்த சட்டை
முதல் சலவையிலேயே ஒன்றோடொன்று கலந்துவிட்டது.
அந்தப் பருவம் முழுக்க ரோஜா நிறத்தில் ஆடினோம்.
இருபத்தாறு வருடம் துவைத்தவர்
குறிப்பேட்டில் ஒரே ஒருமுறை வருகிறார்:
"திருமதி ஜீஸா ஸமித். சோப்பு. இரண்டு ஷில்லிங்."

பிறகு அறுபத்தொன்று, ஆகஸ்ட்.
"வெந்நீர்க் கொதிகலனுக்குச் சேர்த்ததில்
எண்பத்திரண்டு பவுண்டு காணவில்லை.
விவாதம் நடந்தது.
கேட்பதில்லை என்று தீர்மானம்."
கீழே ஒன்பது கையெழுத்து.
ஒன்று மட்டும் இடக்கையால் போட்டதுபோல் கோணல்.

அதே மாதம்தான் ஆலையின் உருளை
லிப்பு கிரேக்கின் வலக்கை விரல்களை வாங்கியது.
அதே மாதம்தான் பொருளாளர் நேனு
குதிரைப் பந்தயத்துக்குப் போவதை நிறுத்தினார்.
சேர்த்தும் படிக்கலாம், பிரித்தும் படிக்கலாம்.
நான் இரண்டு விதமாகவும் படித்துப் பார்த்தேன்.
ஒன்று மட்டும் நிச்சயம்:
நான்கு குளிர்காலம் பச்சைத்தண்ணீரில் குளித்தார்கள்,
அலறிக்கொண்டே,
யாரும் யாரையும் கேட்காமல்.

தொண்ணூறுகளில் சம்மேளனத்தின் கடிதம் வந்தது.
சங்கங்களின் பெயரில் எந்த நாடும் இருக்கக் கூடாதாம்.
நான்கு மணி நேரக் கூட்டம்.
இரண்டு நாற்காலி உடைந்தது, ஒரு சம்பந்தம் முறிந்தது.
அப்பா கதவை அறைந்துவிட்டு வெளியேறினார்.
கார் சாவியை மறந்ததால் திரும்பி வந்தார்.
வந்ததும் வந்தோம் என்று வாக்களித்தார்,
ஒரு வாக்கில் நாங்கள்
'குவாரி ரோடு' ஆனோம்.

இன்று மால்டாக்காரர் என்று ஆடுவோர் இருவர்தான்,
அதில் ஒருவன் தாய்வழி.
கோலில் நிற்பது அக்குவேய்,
ஜூபாவிலிருந்து கைக்குழந்தையாக வந்தவன், தூங்குவதில்லை.
பட்டாணி பஸ்திட்ஸி சுடுவது நோ பாவ்.
அவள் கரென் மொழியில் அடுப்பைத் திட்டினால்
மாவு நன்றாக எழும்புகிறது.
கிழவர்கள் தின்றுவிட்டு, உப்பு குறைவு என்கிறார்கள்,
இன்னொன்று கேட்கிறார்கள்.

நான் பதினெட்டாவது செயலாளர்.
கணக்கு இப்போது கணினியில் போக வேண்டும்.
படிவத்தில் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு,
'கேட்பதில்லை' என்பதற்கு மட்டும் இல்லை.

போன சனிக்கிழமை பானக்கடைப் பெட்டியில்
நாற்பது டாலர் குறைந்தது.
பெட்டியருகே கடைசியாக நின்றவன் யார் என்று எனக்குத் தெரியும்.
அவன் பூட்ஸின் அடி பிளந்து
டேப் சுற்றியிருந்ததும் தெரியும்.
இந்தச் சனிக்கிழமை புது பூட்ஸ். இரண்டு கோல்.

இரவு பத்தரை. சங்க அறையில் ஹீட்டர் இல்லை.
'குறைவுக்கான காரணம்' என்ற கட்டத்தில்
கர்சர் கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது.
தட்டச்சு செய்தேன்:
காற்று எதிர்த்திசை.