அரைப்பேர்

ஹாலிஃபாக்ஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது.
பேராசிரியர் லோரேன் தெரியோ காலமாகிவிட்டார்.
நினைவு மலருக்கு இருநூறு சொற்கள் வேண்டுமாம்,
வாழ்வும் பணியும் பற்றி,
மாதக் கடைசிக்குள்.

சேரம்பாடியில் மாதக் கடைசி என்றால்
சம்பளம் வரும், அல்லது வராது.
வேறு அர்த்தம் கிடையாது.

எண்பத்து நாலு, ஆடி மழை.
கூடலூர் பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே
கணுக்காலில் மூன்று அட்டை.
கத்தவில்லை. குனிந்து எண்ணி
நோட்டில் எழுதிக்கொண்டாள்.
லோரேன் நாக்கில் நிற்கவில்லை,
லயத்தில் எல்லோருக்கும் அவள் லாரியம்மா.
இறால் பிடிக்கிறவர் மகளாம்;
மழையைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை.
டேப் ரிக்கார்டரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி
பிள்ளை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொள்வாள்.

எனக்குப் பத்தொன்பது வயது.
மாத்தளைப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ்
கப்பலில் என்னோடு வந்திருந்தது.
மொழிபெயர்க்க நாளுக்குப் பதினைந்து ரூபாய்.
மழையில் பாதியில் நின்றால் ஏழரை.

கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே
சன்னாசி சொன்னார்:
"அங்க எனக்கு முழுப்பேரு, தாயி.
இங்க வந்து அரைப்பேராப் போச்சு."
சொல்லுக்குச் சொல் மாற்றிச் சொன்னேன்:
அங்கே எனக்கு முழுப் பெயர் இருந்தது,
இங்கே பாதிப் பெயர்தான்.

அவள் பேனா நின்றது.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
நாங்கள் கூரைக்குக் கீழேதான் இருந்தோம்.

பேர் என்றால் செக்ரோலில் விழும் ஒரு நாள் கூலி.
சொன்ன கணக்குக்குச் செடி வெட்டாவிட்டால் அரைப்பேர்.
சன்னாசிக்கு வலக்கையில் இரண்டு விரல் இல்லை,
அவ்வளவுதான் விஷயம்.
சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
"அதை இன்னொரு தடவை சொல்" என்றாள்,
பசித்தவள் கேட்பதுபோல்.
சொன்னேன்.

புத்தகத்தின் தலைப்பே அதுதான்.
மண்ணை இழந்தவன் தன் பெயரை இழக்கிறான் என்று
எட்டு அத்தியாயம்.
பரிசு, நிரந்தர வேலை, பிறகு துறைத்தலைவர்.
நன்றியுரையின் கடைசி வரியில் நானும் இருந்தேன்:
ராணிக்கு.
யோகராணியின் யோகம்
கனடா வரைக்கும் போகவில்லை.
சன்னாசிக்கும் ஒரு பிரதி வந்தது.
அட்டை கெட்டி என்று
சாணைக்கல்லுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

இருபது வருஷம் கழித்து மறுபடி வந்தாள்,
முழங்கால் இரண்டும் தேய்ந்து,
யாழ்ப்பாணத்து மாணவி ஒருத்தியிடம்
தமிழ் படித்துவிட்டு.
இலை நிறுக்கிற கொட்டகையில்
எல்லோர் முன்னாலும் கேட்டாள்:
"அரைப்பேர் எண்டால் சம்பளமே?"

தராசு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
ஆமாம் என்றேன்.
"உனக்கு அப்பவே தெரியுமோ?"
அதற்கும் ஆமாம்.
திட்டுவாள் என்று நின்றேன்.
டீ கேட்டாள். மூன்று கரண்டி சர்க்கரை.
சன்னாசி எங்கே என்றாள்,
மேட்டைக் காட்டினேன்.
ஏறப் பார்த்தாள், முழங்கால் விடவில்லை.
கீழேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் போய் ஒன்பது பக்கம் எழுதினாள்:
ஒரு கூலிக்கணக்கை நான் தத்துவமாகப் படித்துவிட்டேன்.
சின்ன இதழ் ஒன்று போட்டது.
புத்தகம் அதே தலைப்போடு ஆறாம் பதிப்புக்குப் போனது.

அவள் எழுதியதில் நான் முழுக்கப் படித்தது
அந்த ஒன்பது பக்கம்தான்.
சன்னாசியின் விரல்கள் அதில் இருக்கின்றன.
நாளுக்கு எத்தனை செடி, சரியாக இருக்கிறது.
எனக்குத் தெரிந்திருந்ததை மட்டும் எழுதவில்லை.
தெரியாத பெண் என்றே விட்டிருக்கிறாள்.
அது பரிவா, கோபமா,
இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இருநூறு சொல் எப்போதோ தாண்டிவிட்டது.
அவர்களே வெட்டிக்கொள்ளட்டும்.
பந்தலூருக்குப் போய் இதைத் தபாலில் சேர்த்துவிட்டு வர
அரை நாள் பிடிக்கும்.
கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன்,
போடுவதைப் போட்டுக்கொள்ளச் சொல்லி.