ஒப்புகை அட்டை

மூடிய கேட்டுக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் என் கடை.
என் கடை என்று சொல்ல
பட்டா இருக்கிறது, மின் இணைப்பு இருக்கிறது,
பதினோரு மாதமாய் வாடகைதான் இல்லை.

நீடாமங்கலத்தில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை.
கேட் மூடினால் நேரம் நின்றது,
திறந்தால் போனது.
நெல் ஏற்றிய கூட்ஸ் முன்னே போய், பின்னே வந்து,
மறுபடி முன்னே போகிறது.
பெட்டிகளின் இடுக்கில்
துண்டு துண்டாகத் தெரிகிறார் சிங்காரவேலு.
முதல் இடுக்கில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.
நாலாவதில் எழுந்துவிட்டார்.
இருபதாவதில் கொக்கியைத் தேடுகிறார்.
கடைசிப் பெட்டி போன பிறகு
ஷட்டரில் மஞ்சள் எழுத்து மட்டும்:
செங்கமலம் ஏஜென்சீஸ்,
உரம், பூச்சிமருந்து, விதைநெல்.

தவணை சொல்வதில் அவர் பொய்யர் இல்லை.
"குறுவை அறுப்பு முடியட்டும்மா" என்றார்.
முடிந்தது. ஈரப்பதம் என்று கொள்முதல் நிலைய வாசலில்
பத்து நாள் கிடந்து முளைத்தது.
"சம்பா" என்றார்.
தையில் பெய்தது, பெய்யக் கூடாத மழை.
"இன்சூரன்ஸ் பணம்" என்றார்.
இப்போது, "மேட்டூர் திறக்கட்டும்."

என் வீட்டுக் கடனுக்கு
ஆடியும் தெரியாது, தையும் தெரியாது.
ஐந்தாம் தேதி மட்டும் தெரியும்.
விடியுமுன் செல்போனில் வந்து நிற்கும்.

போன செவ்வாய் கொரடாச்சேரியில் ஒரு துக்கம்.
திரும்பும்போது
அந்தப் பக்கத்திலிருந்தே வந்தேன்.
கேட் குறுக்கே இல்லை, கூட்ஸ் குறுக்கே இல்லை,
நேராகக் கடை வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினேன்.
"டேய், மேடத்துக்கு ஒரு சோடா" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.
பையனை நிறுத்தி மூன்று மாதம் ஆவது நினைவு வந்து
தானே போய் வாங்கிவந்தார்.

பிறகு கடன் நோட்டை விரித்தார்.
"ஏமாத்தலம்மா, நீங்களே பாருங்க."
பூவனூர், நாகரத்தினம், யூரியா எட்டு மூட்டை.
காளாச்சேரி, அய்யாக்கண்ணு, டிஏபி ஐந்து.
வரி வரியாய் விரல் இறங்கியது.
ஒரு வரியை மட்டும் தாண்டியது.

முப்பது வருடம் தபால் பிரித்த கண்,
தலைகீழாய் இருந்தாலும் விலாசம் படிக்கும்.
ஒளிமதி. மாசிலாமணி.
பொட்டாஷ், களைக்கொல்லி, இரண்டு போகப் பாக்கி.
நாற்பத்தோராயிரத்து முந்நூறு.

என் தம்பி.
என் பங்கு ஆறு மாவையும் சேர்த்து
அவன்தான் உழுகிறான்.
இரண்டு வருடமாய் நெல் வரவில்லை,
நானும் கேட்கவில்லை.
கேட்காததைப் பெருந்தன்மை என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோடாவைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.
நான் வாடகை என்று சொல்லவில்லை.
அவர் தம்பி என்று சொல்லவில்லை.
கல்லாவைத் துழாவி
மருந்து வாடை அடிக்கும் ஐந்நூறு ரூபாய்த் தாள் எட்டு கொடுத்தார்.
எண்ணினேன். ரசீது எழுதினேன்.
வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோப்பு போட்டும்
கையில் அந்த வாடை.

மறுநாள் வக்கீல் நோட்டீஸை
நானே பதிவுத் தபாலில் சேர்த்தேன்.
பெற மறுத்தார், கதவு பூட்டியிருந்தது,
அப்படி யாரும் இல்லை:
எத்தனை பேருடையது என் மேஜை வழியே போய்
திரும்பி வந்திருக்கிறது.
அனுப்புநர் இடத்தில் என் பெயர் இருந்ததில்லை.
"மங்கையர்க்கரசி மேடம், இது உங்களுதா?"
கவுண்டரில் புதுப் பெண்.
எடை போடு என்றேன்.

நாலாம் நாள் அட்டை வந்தது.
மறுக்கவில்லை, பூட்டவில்லை.
முழுக் கையெழுத்து, தேதியோடு.
கீழே இடம் போதாமல் ஓரத்தில் சரிந்து,
"யூரியா லோடு வந்திருக்கு.
தம்பியை வரச் சொல்லவும்."

மன்னார்குடி வக்கீல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"கையெழுத்து போதும்மா.
நோட்டீஸே வரலைன்னு இனி சொல்ல முடியாது.
ஓரத்துல ஏதோ எழுதியிருக்கே, என்ன அது?"

அது வேற கணக்கு சார், என்றேன்.