பெடல் இல்லாத மூன்று நாள்

காலை ஏழரைக்கு நோபிள் பார்க்கில்
முதல் கையை நீட்டுகிறார் மிஸ்டர் பாப்பஸ்.
ரத்தம் எடுப்பது என் வேலை.
நரம்பைத் தட்டிப் பார்க்கும்போதே
மடித்துவிட்ட சட்டைக் கையைக் கண் அளக்கிறது.
நீலக் கட்டம், நல்ல பருத்தி,
முதுகையும் சேர்த்தால் முப்பது சதுரம் தேறும்.
"வலிக்காது" என்கிறேன்.
ஊசி ஏறும் நேரமெல்லாம்
அவர் சட்டையை மனதுக்குள் வெட்டிக்கொண்டிருப்பதை
யாரிடமும் சொன்னதில்லை.

மாலையில் வேறு ஊசி.
சாப்பாட்டு மேசையின் ஜன்னல் பக்கம் மெஷினுக்கு,
மறுபக்கம் குடும்பத்துக்கு.
ஏழு மணியானால் துணிகளை அள்ளி
நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுச் சோறு போடுகிறேன்.
ஒருமுறை ரசத்தில் பச்சை நூல் மிதந்தது.
கொத்தமல்லி என்றேன். நம்பிவிட்டார்கள்.
கம்பளத்தில் தொலைந்த குண்டூசியை
எப்போதும் வசீகரனின் குதிகால்தான் கண்டுபிடிக்கிறது.

கால் அங்குலத் தையல்.
மயிரிழை பிசகினாலும்
பன்னிரண்டாம் கட்டத்தில் முக்கோணத்தின் மூக்கு அறுந்துவிடும்.
பிரிக்கிறேன். தைக்கிறேன். பிரிக்கிறேன்.
பிரித்த நேரத்துக்குச் சம்பளம் தந்திருந்தால்
வீட்டுக் கடனில் பாதி தீர்ந்திருக்கும்.

ஆகஸ்டில் மூன்று நாள் லீவு.
இன்வர்லாக்கில் கடலோர வீடு,
ஐந்து பெண்கள், ஐந்து மெஷின்.
வெட்டும் பாய், அளவுகோல், கத்தரி இரண்டு,
ஆண்டுக்கணக்காக முடியாத மூன்று போர்வைகள்,
அவற்றுக்குள் வைக்கப் பஞ்சு விரிப்பு,
காரின் பின் கண்ணாடியே மறைந்துபோக ஏற்றினேன்.
கொரும்புராவில் மழை.
வேலியோரம் மாடுகள் ஒரே பக்கம் பார்த்து நின்றன.

மேசை பிடித்து, மூடியைக் கழற்றி,
ப்ளக்கைச் செருகிக் காலை நீட்டினால்
தரை மட்டும்தான்.
பெடல் டான்டினோங்கில், சாப்பாட்டு மேசைக்கு அடியில்.

போனில் வசீகரன்:
"ஒண்டரை மணித்தியாலம்தானே, கொண்டுவரட்டே?"
"வேண்டாமப்பா, பெவ்விட்ட இன்னொண்டு இருக்காம்."
அடுத்த அறையிலிருந்து பெவ்:
"என்னிடம் இன்னொன்று இருக்கிறதே, தரட்டுமா?"
"வேண்டாம் பெவ், என் புருஷன் கொண்டுவருகிறார்."

இரண்டு பொய்யும் ஒன்றோடொன்று பொருந்தின,
அத்தனை சுத்தமாக நான் ஒருநாளும் தைத்ததில்லை.

பிறகு நேரம் கிடந்தது.
வற்றம் வந்த கழிமுகத்தில்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.
ஒரு கூழைக்கடா என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு
வேலையில்லாதவளென்று திரும்பிக்கொண்டது.
காகிதத்தில் சுற்றிய உருளைக்கிழங்குச் சிப்ஸை
யாருக்கும் பங்கு வைக்காமல் தின்றேன், அடியில் ஒட்டிய உப்புவரை.
க்ளெனிஸ் வைத்த பூசணி சூப்பை
உட்கார்ந்தபடியே இரண்டாம் முறை வாங்கினேன்.
பிற்பகல் மூன்று மணிக்குப் படுத்தால்
சுவருக்கு அப்பால் நான்கு மெஷின்கள் ஓடும்.
அடுத்தவர் உழைக்கும் சத்தத்தில் வரும் தூக்கத்துக்கு
ஒரு பெயர் இருக்க வேண்டும்.

இரண்டாம் இரவு பெவ் கேட்டாள்,
"எங்கே உன் புருஷன்?"
"வழியில்" என்றேன்.
துய் சிரிக்கத் தொடங்கி, வாயிலிருந்த ஊசிகளைத்
துப்பவேண்டியதாயிற்று.
அதன்பின் யாரும் கேட்கவில்லை.

மூன்று நாளில் நான் தைத்தது
துய்யின் கோட்டுக்கு ஒரு பொத்தான்.

திங்கள் மாலை வீடு.
மேசைக்கு அடியில் பெடல் இல்லை.
நூல்தூசி துடைத்து, வயரை வளையமாய்ச் சுற்றி,
வாசலோரம் கார்ச்சாவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.
வெள்ளியிலிருந்து அங்கேதான் இருந்ததாம்,
"எதுக்கும் இருக்கட்டும் எண்டு."

மேசையில் கிடந்த துணிகளைத் தானே அள்ளி
நாற்காலியில் வைத்தபடி கேட்டார்:
"எத்தனை கட்டம் முடிஞ்சுது?"

சப்பாத்தைக் கழற்றினேன். மணல் கொட்டியது.
"நிறையப் பிரிச்சனான்" என்றேன்.