ரைட்டர்

ஸ்டேஷனில் என்னை ரைட்டர் என்பார்கள்.
கையெழுத்து நன்றாயிருக்கும், அவ்வளவுதான்.

எண்பதாம் வருஷம், ஆடி முடிகிற சமயம்.
வாரண்டில் இருந்தது:
முனிரத்தினம், ஆண், வயது சுமார் நாற்பது,
ஆட்சேபகரமான எழுத்துகளை எழுதியவர்.
திருப்பத்தூர், நாட்றம்பள்ளி என்று அலைந்து
மூன்று முனிரத்தினங்களை அடித்து அனுப்பினோம்.
ஒருவருக்குக் கையெழுத்தே போடத் தெரியாது.

நான்காவது முனிரத்தினம்
குடியாத்தத்தில் பீடி முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.
"நாந்தான். இருங்க,
இந்தக் கட்டு முடிஞ்சிடட்டும்."

நாற்பது பக்க நோட்டு மூன்று.
லேபிளின் முதுகில் எழுதியவை
சணல் கட்டி ஒரு கற்றை.
கோர்ட்டுக்கு நகல் வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர்.
கார்பன் வைத்துப் பதினோரு ராத்திரி.

பாலாற்றுக்கு ஒரு மனு:
தண்ணீர் வேண்டாம், நீ போன வழியை மட்டும் சொல்.
இலை நறுக்குவதைப் பற்றி நான்கு பக்கம்,
அதில் சர்க்காருக்கு என்ன பயமோ.
தோல் ஷெட்டின் சுண்ணாம்புக் குழியில்
இறங்கி நிற்கும் ஒரு காலின் கதை.
காலே பேசும்.

மூன்றாம் நோட்டு, பதினேழாம் பக்கம்.
ஜவ்வாது மலையில் மழை ராத்திரி.
களி கிண்டிப் போட்டவர்கள்
பேர் பேராக, நன்றியோடு.
ஏன்டியம்மா எழுதினாய் என்று
விளக்கைப் பார்த்துக் கேட்டேன்.

தைத்த நோட்டு.
ஒரு தாளை உருவினால் எதிர்த்தாளும் கூடவே வரும்.
காலின் கதை முடிந்தது அந்தத் தாளில்.
வெந்நீர் அடுப்பில் இரண்டும் ஒன்றாய் எரிந்தன.

வாசித்துக் காட்டினேன்.
'ஒண்டியா' என்றிருந்ததை 'தனியாக' ஆக்கியிருந்தேன்.
"அது நான் இல்ல சார், பழையபடி போடுங்க."
நான்கு பிரதியிலும் அடித்து எழுதினேன்.
பதினாறிலிருந்து பத்தொன்பதுக்குத் தாவியபோது
நிமிர்ந்து பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

வேலூர் பெண்கள் சிறையில் காகிதம் கேட்டு ஐந்து மனு.
ஐந்தும் நிராகரிப்பு; மனுவுக்கு மட்டும்
தாள் கொடுத்தார்கள்.
எண்பத்து நாலில் விடுதலை.
நோட்டுகளை அழிக்கச் சொல்லி உத்தரவு.

ஒருமுறை சத்துவாச்சாரியில் என் வீடு தேடி வந்தாள்.
காபி வேண்டாம் என்றாள்.
"அந்தக் கால் கடைசியில என்னா சொல்லிச்சு சார்?
எழுதினதும் மறந்துடுவேன் நானு."

பன்னிரண்டு பேர்கள் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்,
வீட்டுக்காரர், தகப்பன், ஊர் வரிசைப்படி.
இங்கேயும் எழுதமாட்டேன்.

கால் சொன்னதுதான்
எவ்வளவு யோசித்தும் வரவில்லை.