நடுத்தரம்

நண்பகலில் புகை தெரியாது.
வெயில் நேராக விழுந்தால்
நிலத்தோடு நிலமாகப் படுத்துக்கொள்ளும்.
அதனால்தான் வின்னிப்பெக் கொட்டாவி விடும்போதே
வேலைக்கு வந்துவிடுகிறேன்.
சூரியன் சாய்ந்து பார்க்கும் அந்தக் கொஞ்ச நேரம்
புகைக்கு உடம்பு முளைக்கிறது.

பத்து நிமிடத்துக்கு ஒரு படம்.
முந்தாநாள், சஸ்காட்சுவான் காட்டின் உச்சியில்
ஒரு நரைமயிர்.
நேற்று அவிழ்ந்த சடை.
இன்று சுங்கச்சாவடிக்கு மேலேயே எல்லை தாண்டிவிட்டது.
சுட்டியை நகர்த்தி அதன் ஓரத்தை வரைகிறேன்:
மெல்லியது, நடுத்தரம், அடர்த்தி.
எனக்குத் தந்திருப்பது மூன்றே சொற்கள்.

ஏழு மணிக்குத் தொலைபேசி.
வடக்கு டக்கோட்டாவிலிருந்து ரக்னா ஸ்டென்ஸ்ருட்.
"மகனுக்கு இழுப்பு. சன்னலைத் திறக்கலாமா?
இங்கே எங்கேயும் தீயே இல்லையே."

நெருப்பில்லாமல் புகையாதுதான், அம்மா.
நெருப்பு இரண்டு நாள் தொலைவில் இருக்கிறது.

அவள் ஊர் என் திரையில்
ஒரு மச்சம் அளவுகூட இல்லை.
புகை அங்கே கூரைக்கு மேலே போகிறதா,
கட்டிலுக்கடியில் வந்து படுத்துவிட்டதா,
மேலிருந்து எடுத்த படத்துக்குத் தெரியாது.

"கொடியில் ஏதாவது காய்கிறதா?"
"ராத்திரி போட்ட போர்வை."
"முகர்ந்து பார்த்துச் சொல்லுங்கள்."

கதவு கிறீச்சிட்டது. நாய் ஒன்று.
காற்று போனில் வந்து மோதியது.
பிறகு:

"பிசின் வாசனை. தேவதாரு மாதிரி.
அப்புறம் வேறென்னவோ...
பெயின்ட்? ரப்பர்?"

அடுத்த மேசை எமில் கார்டினலுடையது.
அந்த ஏரிக்கரையிலிருந்து அவன் அக்கா குடும்பம்
பள்ளிப் பேருந்தில் வெளியேறி மூன்று நாள்.
ஆட்கள் பத்திரம்.
வீட்டைப் பற்றித் தகவல் இல்லை.
ஸ்பீக்கரை அணைக்க நான் கை நீட்டுவதற்குள்
கேட்டுவிட்டான்.
எழுந்து போனான். இரண்டு காப்பியோடு வந்தான்.
இரண்டிலும் சர்க்கரை இல்லை.

"சன்னலை மூடியே வையுங்கள்" என்றேன் ரக்னாவிடம்.
கோட்டைக் கொஞ்சம் தெற்கே இழுத்து
அவள் ஊரை உள்ளே சேர்த்தேன்.
நடுத்தரம்.
இதில் மரம் எவ்வளவு, வீடு எவ்வளவு
என்று எழுதக் கட்டமில்லை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
படத்துக்குப் படம் வெளிறிக்கொண்டே வந்தது புகை,
எங்கும் போய்விடாமல்.

காப்பி ஆறிப்போனபின் எமில் கேட்டான்:
"அந்தப் போர்வையை
மறுபடி துவைத்துவிடுவாளா?"